தரவும் இசைவும்: மொழித்தரவுத் திரட்டில் தகவலாளியின் உரிமை

1. முன்னுரை

மொழியியலார் நாள்தோறும் கையாளும் ‘தரவு’ என்னும் சொல் ‘தா’ (தரு) என்னும் வினையடியாகப் பிறந்தது. தருபவர் ஒருவர் இருந்தாலன்றித் தரவு இல்லை என்பது அச்சொல்லின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. ஆய்வாளர் தகவலாளியின் எதிரில் அமர்ந்து சொற்பட்டியலை வினவிக் குறித்துக்கொண்ட காலத்தில், தருபவர் யார், பெறுபவர் யார், எதன்பொருட்டுப் பெறுகிறார் என்பன ஐயத்துக்கு இடமின்றி விளங்கின. இன்றோ கோடிக்கணக்கானோர் இணையத்தில் எழுதியும் பேசியும் விட்டுச்செல்லும் மொழிச்சுவடுகள் அவர்கள் அறியாமலே திரட்டப்பட்டுக் கணிப்பொறிகளுக்குப் பயிற்சிப்பொருளாகின்றன. அவற்றையும் நாம் தரவு என்றே வழங்குகிறோம். ஆனால் அவை தரப்பட்டனவா, எடுக்கப்பட்டனவா?

இவ்வினாவைத் தகவலாளியின் இசைவு என்னும் கோணத்திலிருந்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இசைவு என்பது கையொப்பமிட்ட ஒரு தாள் அன்று. அது ஒரு பேச்சுச்செயல். கேட்பவர் இன்னார், கேட்கப்படுவது இன்னது, பயன் இன்னது என்பதைத் தருபவர் தமக்கு விளங்கும் மொழியில் அறிந்த பின்னரே அச்செயல் நிறைவேறுகிறது. பெருந்தரவின் வரவால் இவற்றுள் ‘பயன்’ என்னும் கூறு முன்கூட்டிச் சொல்ல இயலாததாகிவிட்டது. ஆகவே இசைவை ஒருமுறை பெற்று முடிக்கும் சடங்காகக் கருதாமல், தொடரும் உறவாகக் கருத வேண்டும் என்பதும், அவ்வுறவின் தரம் பெரிதும் மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளது என்பதும் ஈண்டு நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

2. இசைவுக் கருத்தின் வளர்ச்சி

ஆய்வுக்கு உட்படுபவரின் இசைவு கட்டாயம் என்னும் நெறி மருத்துவத்துறையில் தோன்றியது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் 1947இல் இடம்பெற்ற நூரம்பர்க் நெறிமுறையின் பத்துக் கூறுகளுள் முதலாவது, தன்விருப்ப இசைவு இன்றியமையாதது என்பதாகும். 1964இல் ஹெல்சிங்கி அறிவிக்கையும், 1979இல் அமெரிக்காவில் பெல்மான்ட் அறிக்கையும் இதனை விரிவாக்கின. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று அடிப்படைகளைப் பெல்மான்ட் அறிக்கை வகுத்தது.

மொழியாய்வு உடலுக்கு ஊறு செய்வதில்லை. ஆதலால் இந்நெறிகள் நமக்கு அத்துணைப் பொருந்தா என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. மொழியியலின் வரலாறே இவ்வெண்ணத்தை ஐயுறச் செய்கிறது. முதல் உலகப்போரின்போது, 1915 முதல் 1918 வரை, ஜெர்மனியில் பிரஷ்ய அரசின் ஒலிப்பதிவுக் குழு போர்க்கைதிகள் முகாம்களில் பல மொழிகளைப் பதிவு செய்தது. பெர்லினுக்கு அருகிலுள்ள வுன்ஸ்டோர்ஃப் முகாமில் பிரித்தானியப் படையைச் சேர்ந்த இந்திய வீரர்களின் குரல்கள் பதிவாயின. அவை இன்று பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பஞ்சாபைச் சேர்ந்த ஒரு வீரர் 1916 டிசம்பரில் தம் ஊர் ஏக்கத்தையும் போரிலிருந்து மீளும் விருப்பத்தையும், ‘ஒரு மனிதன் இருந்தான்’ என்பதுபோலப் படர்க்கையில் கதையாகச் சொல்லியிருக்கிறார். குழுவினர் நாடியது மொழியின் ஒலிகளை. அவர் தந்தது தம் நெஞ்சின் செய்தியை. முள்வேலிக்குள் இருந்தவரிடம் பெற்ற உடன்பாடு எவ்வளவு தூரம் இசைவாகும் என்னும் வினாவுக்கு அப்பதிவுகளின் தெளிவோ அறிவியல் மதிப்போ விடையாகாது.

அதே காலத்தில், 1913 முதல் 1929 வரை, கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்காய்வுக்காக இந்திய மொழிகள் பலவும் கிராமபோன் தட்டுகளில் பதிவாயின. ஊதாரி மைந்தன் உவமையைப் பலரும் தத்தம் மொழியில் கூறினர். இன்று அப்பதிவுகளை உலகின் எம்மூலையிலிருந்தும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்நூலகம் வழியாகக் கேட்கலாம். ஆய்வாளர்க்கு இது பெரும்பேறு. எனினும் கிராமபோன் குழலின் முன் நின்றவர் இணையத்துக்கு இசைந்தவர் அல்லர். இசைய அவரால் இயன்றிருக்கவும் முடியாது. கதை பொதுவான ஒன்றாக இருந்தமையால் அங்கு ஊறு சிறிது. தன்வரலாறோ குடும்ப வழக்கோ பதிவாகியிருப்பின் நிலை வேறாகும்.

3. பெயரை நீக்கினால் போதுமா?

தகவலாளியின் பெயரை நீக்கி ‘த.1’, ‘த.2’ எனக் குறியிடுவது நம் துறையின் வழக்கம். பெயரற்ற தரவு யாரையும் காட்டிக்கொடுக்காது என்பது இதன் அடிப்படை. இது உறுதியானதன்று என்பதற்கு இரண்டு சான்றுகளைக் காணலாம்.

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2006 ஆகஸ்டில், ஏறத்தாழ 6.5 இலட்சம் பயனாளர்கள் மூன்று மாதங்களில் இணையத்தில் தேடிய 2 கோடி தேடல்தொடர்களை ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. பெயர்களுக்கு மாற்றாக எண்கள் இடப்பட்டிருந்தன. சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் இதழ் ஓர் எண்ணுக்கு உரிய முதிய பெண்மணியின் வீட்டைக் கண்டறிந்துவிட்டது. அவரைக் காட்டிக்கொடுத்தவை அவர் தேடிய சொற்களே: ஊர்ப்பெயர், உறவினரின் குடும்பப்பெயர், உடல்நலக் குறைகள். இங்குத் தடயமாக அமைந்தது மொழிப்பயன்பாடு என்பதை மொழியியலார் கருத வேண்டும்.

இரண்டாவது சான்று புள்ளியியல் சார்ந்தது. அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரை ஐந்திலக்க அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த நாள் ஆகிய மூன்றையும் இணைத்தே தனித்து அடையாளம் காணலாம் என லட்டானியா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். நம் சமூக மொழியியல் வினாநிரலில் ஊர், வயது, பாலினம், சாதி, கல்வி, தொழில் என இதனினும் மிகுந்த விவரங்கள் இடம்பெறுகின்றன. நாற்பது வீடுகள் கொண்ட ஒரு மலையூரை எடுத்துக்கொள்வோம். ‘பெண், வயது 60, பள்ளி சென்றதில்லை, மருத்துவச்சி’ என்னும் குறிப்பு வெளியார்க்குப் பெயரற்றது. அவ்வூரார்க்கோ முகவரி எழுதிய அஞ்சலுறை போன்றது. தகவலாளி அஞ்சுவதும் பெரும்பாலும் ஊரார் செவியைத்தானே!

சிறுமொழிகளில் இச்சிக்கல் முற்றிவிடுகிறது. அந்தமானின் அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரியில் மறைந்தார். ஒருவர் மட்டுமே பேசும் மொழியில் பெயர்மறைப்பு என்பதற்குப் பொருளே இல்லை. அன்றியும், தம் மொழியறிவைப் பகிர்ந்த ஒருவரின் பெயரை அழிப்பது அவருக்குச் செய்யும் பாதுகாப்பா, அநீதியா என்பதையும் எண்ண வேண்டும். பெயரைக் காட்டுவதா மறைப்பதா என்பதை ஆய்வாளர் தாமாக முடிவு செய்தல் தகாது. அது தகவலாளியின் தெரிவு.

குரல்பதிவு தன்னளவிலேயே அடையாளமாகும். எழுத்துப்பெயர்ப்பில் பெயரை அடித்துவிடலாம். குரலை அடிக்க இயலாது. சில நொடிப் பதிவைக் கொண்டே ஒருவரின் குரலில் அவர் சொல்லாததைச் சொல்லச் செய்யும் மென்பொருள்கள் இன்று உள்ளன. ஆகவே ஒலித்தரவகம் ஒவ்வொன்றும் பலருடைய அடையாளங்களின் களஞ்சியமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

4. பயன் மாறும்போது

இசைவு ஒரு குறிப்பிட்ட பயனுக்கு அளிக்கப்படுவது. உறவுப்பெயர்களை ஆராய்வதற்காகப் பெற்ற பதிவைப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்குப் பயிற்சிப்பொருளாகத் தந்தால், தரவு அதுவே, செயல் வேறு. முதலில் பெற்ற இசைவு இரண்டாவதற்கும் பொருந்துமா?

ஃபேஸ்புக் நிறுவனம் 2012 ஜனவரியில் ஒரு வாரக்காலம் 6,89,003 பயனாளர்களின் பக்கங்களில் தோன்றும் செய்திகளை மாற்றியமைத்தது. மகிழ்ச்சிச் சொற்கள் உள்ள பதிவுகளையோ துயரச் சொற்கள் உள்ளவற்றையோ குறைத்துக் காட்டி, பயனாளர் எழுதும் சொற்கள் அதற்கேற்ப மாறுகின்றனவா எனச் சொற்பட்டியல் வழியாகக் கணக்கிட்டது. ஆய்வு 2014இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கணக்குத் தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட நிறுவனக் கொள்கையே இசைவாகும் என ஆய்வாளர்கள் கருதினர். கடும் எதிர்ப்பு எழவே, இசைவு பெற்ற முறை குறித்துக் கவலை தெரிவிக்கும் குறிப்பொன்றை அவ்விதழ் வெளியிட்டது. எதற்கும் பொருந்துமாறு எழுதப்பட்ட இசைவு எதற்கும் அளிக்கப்பட்ட இசைவு ஆகாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

மற்றொரு சிக்கல் இசைவைத் திரும்பப் பெறுதல் பற்றியது. நூலகத்திலுள்ள ஒலிநாடாவைத் திருப்பித் தரலாம், அழிக்கலாம். தரவால் பயிற்றப்பட்ட மொழி மாதிரியிலிருந்து ஒருவரின் சொற்களை மட்டும் பிரித்தெடுத்தல் அரிது. ஜிபிடி-2 என்னும் மாதிரியிடமிருந்து அதன் பயிற்சித்தரவில் இருந்த தனிமனிதர் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி முதலியவற்றை எழுத்து மாறாமல் வெளிக்கொணர இயலும் என 2021இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினர். திரும்பப் பெற இயலாத ஒன்றுக்கு இசைவு கேட்கும்போது, அது திரும்பப் பெற இயலாதது என்பதையும் சொல்லியாக வேண்டும். படிவங்கள் பலவற்றில் விடுபடுவது இத்தொடரே.

5. இந்தியச் சட்டமும் மொழிகளும்

தனியுரிமை அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழிவந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டக்கூறுகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் காலவரையறை செய்யப்பட்டுள்ளது.

இச்சட்டத்தின் 6ஆம் பிரிவு இசைவுக்கு ஐந்து பண்புகளை விதிக்கிறது: தன்விருப்பமானது, குறிப்பிட்ட பயனுக்கானது, அறிந்து அளிப்பது, நிபந்தனையற்றது, ஐயத்துக்கு இடமற்றது. அது தெளிவான உடன்பாட்டுச் செயலால் வெளிப்பட வேண்டும். இசைவு அளிப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். அறிவிப்பையும் இசைவு வேண்டுகோளையும் ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகள் 22இல் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்னும் விதி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் மிக முதன்மையானது. இசைவின் செல்தகைமையை மொழியோடு பிணைக்கும் விதி இது.

ஆயின் 22 என்னும் எல்லை சிந்தனைக்குரியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் எனப் பட்டியலிட்டவை 121. அவற்றுள் 99 அட்டவணைக்கு வெளியே உள்ளன. மக்களுள் 96.71 விழுக்காட்டினர் அட்டவணை மொழிகளைத் தாய்மொழியாகக் கூறியவர்கள். எஞ்சியோர் ஏறத்தாழ 4 கோடிப் பேர். பீலி, கோண்டி, துளு முதலியன இவ்வகையின. நீலகிரியின் தோடா போன்ற மொழிகள் பேசுவோர் தொகை குறைந்தமையால் 121இலும் இடம்பெறவில்லை. களப்பணியாளர் பெரிதும் நாடிச் செல்வது இம்மொழிகளையே. யாருடைய மொழி மிக அரிதோ அவருக்குத் தம் மொழியில் அறிவிப்புப் பெறும் உரிமை சட்டத்தில் இல்லை. அக்குறையை ஆய்வாளர்தாம் நிரப்ப வேண்டும்.

ஆராய்ச்சிக்கும் ஆவணப்படுத்தலுக்கும் 17ஆம் பிரிவு சில வரையறைகளுடன் விலக்கு அளிக்கிறது. தரவுக்கு உரியவரைப் பற்றித் தனிப்பட எம்முடிவும் எடுக்கக் கூடாது என்பதும், வகுக்கப்படும் தரநெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அவ்வரையறைகள். ஒருவர் தாமாகப் பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்கும் சட்டம் பொருந்துவதில்லை. சட்டம் விலக்களிப்பது கடமையின் குறைந்த அளவைக் காட்டுமேயன்றி, தகவலாளியிடம் நாம் கொண்ட கடனைத் தீர்த்துவிடாது.

6. இசைவுப் படிவத்தின் தமிழ்

படிவம் படிப்பவரின் மொழியில் இருப்பதாலேயே அவர் அறிந்து இசைந்தார் என்று கொள்ள முடியாது. மொழிபெயர்ப்பில் நேரும் சிக்கல்கள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, கலைச்சொல். இக்கருத்துக்குத் ‘தகவலறிந்த ஒப்புதல்’, ‘அறிவிக்கப்பட்ட ஒப்புதல்’ என்பன வழங்குகின்றன. முன்னதில் அறிந்தது ஒப்புதலே என்பதுபோல் எச்சம் தழுவுகிறது. பின்னது, ஒப்புதல் பிறருக்கு அறிவிக்கப்பட்டது என்னும் வேறு பொருளைத் தருகிறது. இரண்டிலும் அறியவேண்டிய மனிதர் மறைந்துவிடுகிறார். ‘அறிந்து அளிக்கும் இசைவு’ என வினையெச்சத்தால் கூறின், அறிதல், அளித்தல் ஆகிய இரு வினைகளுக்கும் வினைமுதல் ஒருவரே என்பதும், அறிதல் முற்பட்டது என்பதும் விளங்கும்.

இரண்டாவது, சொற்களின் புழக்கம். ‘ஒப்புக்கொள்’ என்பது உடன்படுதலை மட்டுமன்றிக் குற்றத்தை ஏற்றலையும் குறிக்கும். ‘சம்மதம்’ எளிய சொல். ஆனால் ‘மௌனம் சம்மதம்’ என்னும் வழக்கு அதனோடு ஒட்டியுள்ளது. பேசாதிருத்தலை இசைவாகக் கொள்ளும் அவ்வழக்கு, தெளிவான உடன்பாட்டுச் செயலை வேண்டும் சட்டத்துக்கு நேர்மாறானது. ஊர்ப்பெரியவரோ வீட்டு ஆண்களோ உடனிருக்கும்போது பெண் தகவலாளியின் மௌனத்தை இசைவாகக் குறித்துக்கொள்வது எளிதில் நேரக்கூடிய தவறாகும்.

மூன்றாவது, வினைவடிவம். பின்வரும் தொடர்களை ஒப்பிடுக.

(அ) உங்கள் குரல்பதிவு பிறருடன் பகிரப்படலாம்.

(ஆ) உங்கள் குரல்பதிவை நாங்கள் பிற நிறுவனங்களுக்குக் கொடுப்போம். அவை எவை என்பதை இப்போது எங்களால் சொல்ல இயலாது.

(அ) தொடரில் ‘படு’ துணைவினையால் வினைமுதல் விடுபடுகிறது. ‘-லாம்’ ஈறு திணை, பால், எண், இட விகுதிகளை ஏற்காதது. ஆதலால் செய்பவர் இரண்டாம் முறையும் மறைகிறார். மேலும் ‘மழை வரலாம்’ என்பதில் நிகழக்கூடுமையையும், ‘நீங்கள் போகலாம்’ என்பதில் இசைவளித்தலையும் அவ்வீறு குறிக்கும். எனவே (அ) தொடரைப் படிப்பவர், பகிர்வதற்கான உரிமை ஏற்கெனவே அளிக்கப்பட்டுவிட்டது எனவும் பொருள் கொள்ளலாம். இசைவு கேட்கும் தொடரே இசைவு பெற்றுவிட்டதுபோல் ஒலிக்கிறது. (ஆ) தொடர் நீளமானது. நிறுவனத்துக்கு உவப்பற்றதாகவும் இருக்கக்கூடும். ஆனால் அதுவே உண்மை.

நான்காவது, தன்மைப்பன்மை. ஆங்கிலத்தில் இல்லாத உளப்படுத்தும் தன்மை, உளப்படுத்தாத் தன்மை என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. நிறுவனம் தன்னை ‘நாம்’ எனக் குறித்தால் படிப்பவரும் அச்செயலில் பங்காளி என்னும் தோற்றம் உண்டாகிறது. இசைவு கேட்பவரும் அளிப்பவரும் வெவ்வேறானவர் என்பதால் ‘நாங்கள்’ என்பதே ஏற்றது.

ஐந்தாவது, பெயராக்கம். சட்டம் வரையறுக்கும் ‘செயலாக்கம்’ என்னும் ஒரு சொல்லுள் திரட்டுதல், சேமித்தல், இணைத்தல், பகிர்தல், அழித்தல் முதலிய பல வினைகள் அடங்கியுள்ளன. ‘செயலாக்கத்துக்கு இசைகிறேன்’ என்று சொல்பவர் எவ்வினைக்கு இசைந்தார் என்பது அவருக்கே தெரியாது. பெயரை அவிழ்த்து வினைகளாக எழுதுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. மூலத்தின் மயக்கத்தை அப்படியே காத்தலை இலக்கிய மொழிபெயர்ப்பில் நேர்மை எனலாம். இசைவுப் படிவத்திலோ மயக்கத்தைக் கண்டால் மூலத்தை எழுதியவரிடம் திருப்பியனுப்புவதே நேர்மை.

7. செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் களப்பணியாளர்க்கும் தரவக அமைப்பாளர்க்கும் பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கலாம்.

(1) ஒரே கையொப்பத்துக்கு மாற்றாக அடுக்கு இசைவைப் பெறுதல் நன்று. ஒலிப்பதிவு செய்தல், ஆய்வுரையில் எடுத்துக்காட்டுதல், காப்பகத்தில் வைத்தல், ஒலியைப் பொதுவில் வெளியிடுதல், கணிப்பொறிப் பயிற்சிக்குத் தருதல், வணிகப் பயன் ஆகியவற்றுக்குத் தனித்தனியே வினவ வேண்டும். சிலவற்றுக்கு இசைந்து சிலவற்றை மறுப்பவரைக் குறையாக எண்ணலாகாது.

(2) எழுத்தறியாதவரிடமும் எழுத்துவழக்கு இல்லாத மொழியினரிடமும் வாய்மொழி இசைவைப் பதிவு செய்யலாம். ‘புரிந்ததா?’ என்று வினவுவதைவிட, தாம் எதற்கு இசைகிறார் என்பதை அவர் சொற்களிலேயே சொல்லச் செய்வது சிறந்தது. கையெழுத்தையும் கைநாட்டையும் கண்டு அஞ்சுவோர்க்கும் இம்முறை ஏற்றது.

(3) பதிவை முடித்ததும் அதனைத் தகவலாளிக்குப் போட்டுக் காட்டி, நீக்க விரும்பும் பகுதியை நீக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். உரையாடலில் அண்டை வீட்டாரும் உறவினரும் பேசப்படுகின்றனர். பேசியவரின் இசைவு பேசப்பட்டவரின் இசைவு ஆகாது.

(4) வயதை ஆண்டாகக் குறிக்காமல் வரம்பாகவும், சிற்றூரை வட்டாரமாகவும் வெளியிடலாம். முழு விவரங்களையும் குறியெண்களுக்குரிய திறவுகோலையும் தனியே காத்தல் வேண்டும்.

(5) சிறுமொழிகளில் தனிமனித இசைவோடு சமூகத்தின் இசைவும் தேவை. நியூசிலாந்தில் தே ஹிகு என்னும் மவோரி ஊடக அமைப்பு 2018இல் தன் சமூகத்தாரிடம் பத்து நாள்களில் 300 மணிநேரத்துக்கு மேற்பட்ட பேச்சைத் திரட்டியது. தரவைத் தன் உடைமையாகக் கொள்ளாமல், சமூகத்தின் சார்பில் காவலராக நின்று காப்பதாகவே அது கூறுகிறது. நம்பிக்கை இருந்தால் இசைவு தரவைக் குறைப்பதில்லை, பெருக்கவே செய்கிறது என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

மொழித்தொழில்நுட்பத்தில் இந்திய மொழிகள் பின்தங்கக் கூடாதெனில் பெருந்தரவகங்கள் தேவை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கடுமையான இசைவு நெறி சிறுமொழிகளுக்குத் தடையாகும் என்னும் வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. நேரமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். எனினும் ஒருமுறை ஏமாற்றப்பட்ட ஊர் அடுத்து வரும் ஆய்வாளருக்குக் கதவைத் திறப்பதில்லை. அவ்வூரின் மொழிக்கு அதுவே பேரிழப்பு.

கேட்கும் சொற்களைப் பற்றித் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் ‘ஈ’ தாழ்ந்தோன் கேட்பது. ‘கொடு’ உயர்ந்தோன் கேட்பது. ‘தா’ ஒத்தோன் ஒத்தோனிடம் கேட்பது. தரவு என்னும் சொல் பிறந்தது இம்மூன்றாவதிலிருந்தே. தகவலாளியிடம் நாம் கேட்கும் முறையும் அவ்வினையடிக்கு ஏற்றதாக அமைய வேண்டும்.